காசநோயில் நோயெதிர்ப்புத் துலங்கல்

காசநோயில் நோயெதிர்ப்புத் துலங்கல் என்பது மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிஸ் எனப்படும் காசநோய்க் கோலுயிரி உடலினுள் நுழைந்ததும், அதனை இனங்கண்டு, விழுங்கி, சூழ்ந்து, அடக்கி வைப்பதற்காக உடலின் நோயெதிர்ப்பு முறைமை மேற்கொள்ளும் வினைகளின் தொகுப்பு ஆகும். சயரோகம், எலும்புருக்கி நோய் என்னும் பெயர்களாலும் தமிழில் அறியப்படும் காசநோய், 2023ஆம் ஆண்டில் மட்டும் உலக அளவில் ஏறத்தாழ 1 கோடியே 8 லட்சம் பேரைப் புதிதாகத் தாக்கியது எனவும், அவ்வாண்டில் 12.5 லட்சம் பேர் இந்நோயால் இறந்தனர் எனவும் உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. நோயுற்றோரில் 26 விழுக்காட்டினர் இந்தியாவைச் சேர்ந்தவர்கள்.

காசநோய்த் தொற்றும் காசநோயும் ஒன்றல்ல. உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கு வாழ்நாளில் எப்போதோ இக்கோலுயிரி தொற்றியுள்ளது எனக் கருதப்படுகிறது. ஆனால் அவர்களுள் 5 முதல் 10 விழுக்காட்டினரே நோயாளிகளாகின்றனர். எஞ்சிய பெரும்பான்மையினரைக் காப்பது நோயெதிர்ப்பு முறைமையே. அதே வேளையில், காசநோயாளியின் நுரையீரலைச் சிதைப்பதும் பெருமளவுக்கு அதே நோயெதிர்ப்பு முறைமைதான். இந்த முரண்பாடே இத்துறையின் மையச் சிக்கல் ஆகும்.

வரலாறு

செருமானிய மருத்துவர் ராபர்ட் கோக், 1882ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று பெர்லின் நகரில் காசநோய்க் கோலுயிரியைக் கண்டறிந்ததை அறிவித்தார். அந்நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஏறத்தாழ அதே காலத்தில், உருசிய உயிரியலாளர் இலியா மெச்னிகாஃப், அயற்பொருட்களை விழுங்கிச் செரிக்கும் உயிரணுக்கள் உடலில் உள்ளன என்பதைக் கண்டறிந்தார். இவ்விரு கண்டுபிடிப்புகளும் பின்னாளில் ஒன்றையொன்று சந்தித்தபோதுதான் காசநோயின் நோயெதிர்ப்பியல் பிறந்தது எனலாம்.

கோக் 1890ஆம் ஆண்டில் கோலுயிரி வளர்ப்பிலிருந்து பிரித்தெடுத்த டியூபர்குலின் என்னும் நீர்மத்தைக் காசநோய்க்கான மருந்தாக அறிவித்தார். அது மருந்தாகவில்லை. ஊசி போடப்பட்ட நோயாளிகள் பலருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது, சிலர் இறந்தனர். எனினும் கோக்கின் ஒரு சோதனை நிலைத்த பயனைத் தந்தது. நோயற்ற கினிப்பன்றியின் தோலினடியில் கோலுயிரிகளைச் செலுத்தினால், பத்து நாட்களுக்கு மேல் கழிந்தபின் அவ்விடத்தில் முடிச்சு தோன்றிப் புண்ணாகி, விலங்கு இறக்கும்வரை ஆறாமல் இருந்தது. ஆனால் முன்னரே காசநோய் கண்ட கினிப்பன்றிக்கு மீண்டும் செலுத்தியபோது, ஓரிரு நாட்களிலேயே அவ்விடம் தடித்து, கருத்து, உதிர்ந்து, விரைவில் ஆறியது. உடல் கோலுயிரியை நினைவில் வைத்திருந்தது என்பதே இதன் பொருள். இது கோக் நிகழ்வு என அழைக்கப்படுகிறது. நினைவு பாதுகாப்பையும் தந்தது, திசு அழிவையும் தந்தது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இந்நினைவு குருதிநீரில் உள்ள பிறபொருளெதிரிகளில் இல்லை என்பதை நிறுவ மேலும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. 1945இல் அமெரிக்க ஆய்வாளர் மெரில் சேஸ், டியூபர்குலினுக்குத் துலங்கும் கினிப்பன்றியின் குருதிநீரை வேறொரு கினிப்பன்றிக்கு மாற்றினால் அத்துலங்கல் மாறுவதில்லை எனவும், வெள்ளையணுக்களை மாற்றினால் மாறுகிறது எனவும் காட்டினார். உயிரணு வழி நோயெதிர்ப்பு என்னும் கருத்து இச்சோதனையால் உறுதிப்பட்டது.

கோலுயிரியின் இயல்பு

காசநோய்க் கோலுயிரி பிற பாக்டீரியாக்களிலிருந்து இரு வகைகளில் வேறுபடுகிறது. முதலாவது, அதன் சுவர். மைக்கோலிக் அமிலம் எனப்படும் நீண்ட கொழுப்பு அமிலங்களால் ஆன, மெழுகை ஒத்த தடித்த உறை அதனைச் சூழ்ந்துள்ளது. ஒருமுறை ஏற்றிய சாயத்தை அமிலத்தால் கழுவினாலும் அது விடுவதில்லை. நுண்ணோக்கியில் சளியைப் பரிசோதிக்கும் முறை இப்பண்பையே அடிப்படையாகக் கொண்டது. பல வேதிப்பொருட்களும் உடலின் செரிமான நொதிகளும் இவ்வுறையை எளிதில் ஊடுருவுவதில்லை.

இரண்டாவது, அதன் மந்தம். எசரிக்கியா கோலி போன்ற பாக்டீரியா உகந்த சூழலில் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கும்போது, காசநோய்க் கோலுயிரிக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. அவசரமின்மை இங்கு ஒரு பலம். விரைந்து பெருகி, நச்சைப் பரப்பி, உடலை எச்சரிக்கும் கிருமிகளைப் போலன்றி, இது ஓசையின்றி இடம் பிடிக்கிறது. 1998ஆம் ஆண்டில் இதன் மரபகராதி முழுமையாகப் படிக்கப்பட்டது. ஏறத்தாழ 4,000 மரபணுக்களில் கணிசமானவை கொழுப்புப் பொருட்களை ஆக்குவதற்கும் சிதைப்பதற்கும் உரியவை என அப்போது அறியப்பட்டது.

பெருவிழுங்கியின் உள்ளே

நோயாளி இருமும்போது வெளிப்படும் நீர்த்துளிகள் காற்றில் உலர்ந்து, சில மைக்ரோமீட்டர் அளவே உள்ள நுண்துகள்களாக மிதக்கின்றன. பெரிய துளிகள் மூக்கிலும் மூச்சுக்குழலிலும் சளியில் சிக்கி வெளியேற்றப்படும். ஆனால் 1 முதல் 5 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்கள் நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை சென்றுவிடுகின்றன. அங்கு அவற்றை முதலில் எதிர்கொள்பவை பெருவிழுங்கிகள். தூசியையும் கிருமிகளையும் விழுங்கி நுண்ணறைகளைத் தூய்மையாக வைத்திருப்பது இவ்வுயிரணுக்களின் அன்றாடப் பணியாகும்.

பெருவிழுங்கியின் புறப்பரப்பில் உள்ள ஏற்பிகள் கோலுயிரியின் உறையிலுள்ள சர்க்கரைகளையும் கொழுப்புகளையும் இனங்கண்டு பற்றுகின்றன. பின்னர் கோலுயிரி ஒரு சவ்வுப்பையினுள் அடைக்கப்படுகிறது. இது விழுங்குபை எனப்படும். வழக்கமான பாக்டீரியாவாக இருந்தால், விழுங்குபை படிப்படியாக அமிலத்தன்மை பெற்று, செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோமுடன் இணையும். உள்ளே இருப்பது சிதைந்துபோகும். காசநோய்க் கோலுயிரி இவ்விணைப்பைத் தடுத்துவிடுகிறது. தன் உறையிலுள்ள லிப்போஅராபினோமன்னான் என்னும் கொழுப்புச்சர்க்கரையையும், தான் சுரக்கும் சில நொதிகளையும் கொண்டு, பை முதிர்வதற்கான சமிக்ஞைகளை அது குலைக்கிறது. முதிர்ந்த பையில் காடித்தன்மைச் சுட்டெண் 5க்கும் கீழே இறங்கும். கோலுயிரி வாழும் பையிலோ அது 6க்கு மேலேயே நின்றுவிடுகிறது. தன்னைக் கொல்ல வேண்டிய உயிரணுவையே அது குடியிருப்பாக்கிக் கொள்கிறது.

உடலும் சும்மா இருப்பதில்லை. கோலுயிரிகளுக்கு இரும்புச்சத்து இன்றியமையாதது என்பதால் உடல் அதனைப் புரதங்களுடன் பிணைத்து ஒளித்து வைக்கிறது. கோலுயிரியோ மைக்கோபாக்டின் என்னும் பொருளைச் சுரந்து அதனைப் பறிக்கிறது. மேலும், ஈஎஸ்எக்ஸ்-1 எனப்படும் சுரப்பு அமைப்பின் வழியாக ஈசாட்-6 முதலிய புரதங்களை வெளியேற்றி, விழுங்குபையின் சவ்வைச் சேதப்படுத்துகிறது. அவ்வாறு கசியும் கோலுயிரியின் டி.என்.ஏ., உயிரணுவின் உட்பகுதியில் உள்ள உணரிகளைத் தூண்டுகிறது. இறுதியில் பெருவிழுங்கி வெடித்து இறக்கும்போது கோலுயிரிகள் அடுத்த உயிரணுவுக்குச் செல்கின்றன.

இக்கட்டத்திலேயே தொற்றை முற்றாக அழித்துவிடுவோரும் உளர் எனக் கருதப்படுகிறது. நோயாளியுடன் ஒரே வீட்டில் மாதக்கணக்கில் வாழ்ந்தும், எந்தச் சோதனையிலும் தொற்றின் தடயம் காட்டாதோரை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவர்.

உயிர்ச்சத்து டி இங்கு ஒரு பங்கு வகிக்கிறது. போதிய உயிர்ச்சத்து டி இருக்கும்போது மனிதப் பெருவிழுங்கிகள் கத்தெலிசிடின் என்னும் கிருமிக்கொல்லிப் புரதத்துணுக்கை ஆக்குகின்றன என 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. மருந்துகள் இல்லாத காலத்தில் காசநோய் இல்லங்களில் நோயாளிகளை வெயிலில் படுக்க வைத்தமைக்கு இது ஒரு விளக்கமாகலாம் எனப் பலர் எழுதினர். ஆனால் மங்கோலியாவில் பள்ளிக் குழந்தைகளுக்கு உயிர்ச்சத்து டி வழங்கி நடத்தப்பட்டு 2020இல் வெளியான பெரிய ஆய்வில், தொற்று குறையவில்லை. ஆய்வகத்தில் மெய்யானது மனிதரிடம் அப்படியே பயன் தருவதில்லை என்பதற்குக் காசநோயியலில் இதுபோன்ற எடுத்துக்காட்டுகள் பல உள்ளன.

டி உயிரணுக்களின் தாமதம்

சாதாரணச் சளிக்காய்ச்சல் கிருமிக்கு எதிராக டி உயிரணுக்கள் ஒரு வாரத்தில் ஆயத்தமாகிவிடும். காசநோயில் இது வாரக்கணக்கில் தள்ளிப்போகிறது. டி உயிரணுக்களுக்கு எதிரியை அறிமுகப்படுத்தும் பணியைச் செய்பவை கிளைவடிவ உயிரணுக்கள். இவை நுரையீரலில் கோலுயிரியின் துணுக்குகளை எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள நிணநீர்க்கணுவுக்குச் சென்று, அங்கு காத்திருக்கும் டி உயிரணுக்களிடம் காட்ட வேண்டும். காசநோய்க் கோலுயிரி இப்பயணத்தைத் தாமதப்படுத்துகிறது. சுண்டெலிகளில் கோலுயிரி நிணநீர்க்கணுவை அடையவே ஒரு வாரத்துக்கு மேலாகிறது. மனிதரில் தொற்று ஏற்பட்டு 2 முதல் 8 வாரங்கள் கழிந்த பின்னரே டியூபர்குலின் சோதனை நேர்மறையாகிறது. இந்த இடைவெளியில் கோலுயிரிகள் பல்லாயிரமாகப் பெருகி, சில வேளைகளில் குருதி வழியே பிற உறுப்புகளுக்கும் சென்றுவிடுகின்றன.

டி உயிரணுக்கள் வந்து சேர்ந்ததும் நிலைமை மாறுகிறது. இவற்றுள் முதன்மையானவை சிடி4 வகையைச் சேர்ந்த உதவி டி உயிரணுக்கள். கிளைவடிவ உயிரணுக்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-12 என்னும் சைட்டோகைனின் தூண்டலால் இவை இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரக்கின்றன. சைட்டோகைன் என்பது ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவுக்கு அனுப்பும் வேதித் தூது எனக் கொள்ளலாம். இன்டர்ஃபெரான்-காமாவைப் பெற்ற பெருவிழுங்கி கிளர்ச்சியுற்று, தடைபட்டு நின்ற விழுங்குபையை லைசோசோமுடன் இணைக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு முதலிய நச்சுப் பொருட்களை ஆக்குகிறது. தன்னுட்பொருட்களைத் தானே செரிக்கும் தன்விழுங்கல் வினையையும் முடுக்குகிறது. கட்டி நசிவுக் காரணி என்னும் மற்றொரு சைட்டோகைனும் இதற்குத் துணை நிற்கிறது.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜார்ஜ் மக்கானெஸ் 1960களில் லிஸ்டீரியா என்னும் வேறொரு பாக்டீரியாவைக் கொண்டு செய்த ஆய்வுகள் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கவை. எதிரியை இனங்காண்பது குறிப்பிட்ட டி உயிரணுவின் வேலை. ஆனால் ஒருமுறை கிளர்ச்சியுற்ற பெருவிழுங்கி, எந்தக் கிருமி உள்ளே இருந்தாலும் வேறுபாடின்றிக் கொல்கிறது என அவர் காட்டினார்.

இப்பாதையின் இன்றியமையாமையை மனித மரபியலும் உறுதிப்படுத்தியது. இன்டர்ஃபெரான்-காமாவுக்கான ஏற்பியில் பிறவிக் குறை உள்ள குழந்தைகள் பற்றி 1996இல் முதன்முதலாக விரிவாக எழுதப்பட்டது. இத்தகைய குழந்தைகளுக்குப் பிற நோய்கள் பெரும்பாலும் இயல்பாகவே ஆறிவிடும். ஆனால் தீங்கற்றது எனக் கருதப்படும் பி.சி.ஜி. தடுப்பூசியின் கோலுயிரியே அவர்களது உடல் முழுவதும் பரவி உயிரைப் பறிக்க வல்லது.

பிறபொருளெதிரிகளின் பங்கு இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. கோலுயிரி உயிரணுக்களுள் ஒளிந்து வாழ்வதால், குருதியில் மிதக்கும் பிறபொருளெதிரிகள் அதனை எளிதில் அடைவதில்லை. காசநோயைக் கண்டறிய விற்கப்பட்டு வந்த பிறபொருளெதிரிக் குருதிச் சோதனைகள் நம்பத்தகாதவை எனக் கூறி, அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என 2011இல் உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்தியது. இந்திய அரசு 2012இல் அவற்றைத் தடை செய்தது. அதற்குள் எத்தனையோ நோயாளிகள் காசைச் செலவிட்டுத் தவறான முடிவுகளைப் பெற்றிருந்தனர்.

மணிக்கட்டி

காசநோயின் அடையாளமான அமைப்பு கிரானுலோமா எனப்படும் மணிக்கட்டி ஆகும். இதன் நடுவே கோலுயிரிகளும் அவற்றை விழுங்கிய பெருவிழுங்கிகளும் இருக்கும். சில பெருவிழுங்கிகள் ஒன்றோடொன்று நெருங்கித் தட்டையாகி மேலணிக்கலங்களைப் போன்று தோற்றமளிக்கும்; வேறு சில ஒன்றிணைந்து பல கருக்கள் கொண்ட இராட்சத உயிரணுக்களாகும். இவற்றைச் சுற்றி டி உயிரணுக்களும் பி உயிரணுக்களும் வளையமாக நிற்கும். எல்லாவற்றுக்கும் வெளியே நாரிழையங்கள் வேலி போல் அமையும். நடுப்பகுதி இறந்து, பாலாடைக்கட்டியை ஒத்த வெண்பொருளாக மாறுவதுண்டு. அங்கு உயிர்வளி அருகிப்போவதால், கோலுயிரிகள் பெருக்கத்தை நிறுத்தி, உறக்கம் போன்ற நிலைக்குச் செல்கின்றன. அவை இந்நிலையில் பல்லாண்டுகள் வாழ வல்லவை. இளமையில் தொற்றிய கோலுயிரி முதுமையில் நோயை உண்டாக்குவது இவ்வாறே.

மணிக்கட்டி உடல் எழுப்பிய சிறை என்பதே நெடுங்காலம் பாடநூல்கள் கூறிவந்த கருத்து. இந்தியாவில் பிறந்த அறிவியலாளர் லலிதா இராமகிருஷ்ணனும் அவரது குழுவினரும் வரிக்குதிரை மீன்களில் செய்த ஆய்வுகள் இக்கருத்தை அசைத்தன. இம்மீனின் இளம் உயிரிகள் கண்ணாடி போல் ஒளி ஊடுருவுபவை என்பதால், காசநோய்க் கோலுயிரியின் உறவினமான மைக்கோபாக்டீரியம் மரைனம் தொற்றும்போது நிகழ்வதை நுண்ணோக்கி வழியே உயிருடனேயே பார்க்க இயலும். டி உயிரணுக்கள் தோன்றுவதற்கு முன்னரே மணிக்கட்டி உருவாகத் தொடங்குவதும், அதனுள் இறக்கும் பெருவிழுங்கிகளை விழுங்க ஓடிவரும் புதிய பெருவிழுங்கிகளே கோலுயிரிகளின் அடுத்த வீடுகளாவதும் அவற்றில் காணப்பட்டன. ஈசாட்-6 அற்ற கோலுயிரிகளால் இவ்வாறு புதிய உயிரணுக்களை வரவழைக்க முடியவில்லை. ஆக, தொடக்கக் கட்டத்தில் மணிக்கட்டி சிறையாக மட்டுமன்றி, கோலுயிரிக்கு நாற்றங்காலாகவும் அமைகிறது.

குரங்குகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் மேலும் ஒரு வியப்பைத் தந்தன. ஒவ்வொரு மணிக்கட்டியும் பெரும்பாலும் ஒரேயொரு கோலுயிரியிலிருந்தே தொடங்குகிறது. ஒரே குரங்கின் ஒரே நுரையீரலில், சில மணிக்கட்டிகளில் கோலுயிரிகள் முற்றிலும் அழிந்திருக்க, சில விரல்களின் அகலமே தள்ளியுள்ள வேறொரு மணிக்கட்டியில் அவை செழித்திருக்கும். எனவே "இவருக்கு எதிர்ப்பாற்றல் உண்டு, அவருக்கு இல்லை" எனப் பொதுவாகச் சொல்வது போதாது. நுரையீரலில் பல சிறு போர்கள் தனித்தனியே நடைபெறுகின்றன. அவற்றுள் ஒன்றில் தோற்றாலே நோய் கிளம்பப் போதுமானது.

எதிர்ப்பே சேதமாதல்

பாலாடை போன்ற நடுப்பகுதி உருகி நீர்மமாகி, மூச்சுக்குழலொன்றில் உடைந்து வெளியேறும்போது நுரையீரலில் குழி உண்டாகிறது. இதனைச் செய்வது கோலுயிரியின் நச்சு அன்று. அதற்கு அத்தகைய வலிய நச்சு இல்லை. பெருவிழுங்கிகளும் பிற வெள்ளையணுக்களும் சுரக்கும், நுரையீரலின் நாரிழைகளைக் கரைக்கும் நொதிகளே இதற்குக் காரணமாகின்றன. குழியில் காற்று தாராளமாகக் கிடைப்பதால் கோலுயிரிகள் கோடிக்கணக்கில் பெருகி, இருமல் வழியே வெளியேறுகின்றன. நோயாளி இரத்தம் கக்குவதும் இந்நிலையில்தான்.

கோலுயிரி பரவுவதற்குக் குழி தேவை. குழி உண்டாக டி உயிரணுக்களின் தாக்குதல் தேவை. 2010ஆம் ஆண்டில் உலகின் பல பகுதிகளிலிருந்து பெறப்பட்ட காசநோய்க் கோலுயிரிகளின் மரபகராதிகளை ஒப்பிட்டபோது, டி உயிரணுக்களால் இனங்காணப்படும் புரதப்பகுதிகளே மிகவும் மாறாமல் இருந்தன. இன்ஃபுளுவென்சா நச்சுயிரி போன்றவை நோயெதிர்ப்பிலிருந்து தப்புவதற்காகத் தம் அடையாளத்தை ஓயாது மாற்றுகின்றன. காசநோய்க் கோலுயிரியோ தன்னை அடையாளம் காட்டவே விரும்புவது போல் நடந்துகொள்கிறது.

எதிர்ப்பு மிகுவதும் ஆபத்தே. டி உயிரணுக்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடி-1 என்னும் தடுப்பான் இல்லாத சுண்டெலிகள் காசநோயில் விரைவில் இறக்கின்றன. புற்றுநோய்க்காகப் பிடி-1ஐ முடக்கும் மருந்துகளைப் பெற்றோரில் சிலருக்குக் காசநோய் கிளம்பியதும் பதிவாகியுள்ளது. மூளையுறைக் காசநோயில் அழற்சியைத் தணிக்கும் டெக்சாமெத்தசோனைக் காசநோய் மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்தால் இறப்பு குறைகிறது என வியட்நாமில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. கிருமியைக் கொல்லும் மருந்துடன், உடலின் கோபத்தை அடக்கும் மருந்தும் அங்கு தேவைப்படுகிறது.

எதிர்ப்பாற்றல் குன்றும் நிலைகள்

எச்.ஐ.வி. தொற்று சிடி4 உயிரணுக்களையே அழிப்பதால், காசநோய்க்கு அதனினும் உகந்த கூட்டாளி இல்லை. இத்தகைய நோயாளிகளின் மணிக்கட்டிகள் சரிவர அமைவதில்லை. குழிகள் குறைவாகவே உண்டாகின்றன. சளியில் கோலுயிரி தென்படாமலும் போகலாம். இதனால் நோயைக் கண்டறிவது கடினமாகிறது. எச்.ஐ.வி. மருந்துகளைத் தொடங்கி, சிடி4 உயிரணுக்கள் மீளும்போது, அதுவரை அடங்கியிருந்த அழற்சி திடீரெனச் சீறி எழுந்து நோயாளியின் நிலை மோசமாவதுண்டு.

முடக்குவாதத்துக்குப் பயன்படும் இன்ஃப்ளிக்சிமாப் என்னும் மருந்து கட்டி நசிவுக் காரணியை முடக்குகிறது. இதனைப் பெற்றவர்களுள் 70 பேருக்குக் காசநோய் கண்டதாக 2001இல் வெளியான அறிக்கை, இச்சைட்டோகைனே மணிக்கட்டிகளைக் கட்டிக் காக்கிறது என்பதை மனிதரிலேயே மெய்ப்பித்தது. அதன்பின், இம்மருந்தைத் தொடங்குமுன் காசநோய்த் தொற்று உள்ளதா எனப் பரிசோதிப்பது வழக்கமாயிற்று.

ஆனால் இந்தியாவைப் பொறுத்தவரை, எண்ணிக்கையில் பெரிய காரணம் பசி. ஊட்டக்குறை உயிரணு வழி நோயெதிர்ப்பைத் தளர்த்துகிறது என்பது பழைய அறிவு. ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்து 2023இல் முடிவுகள் வெளியான ஆய்வில், காசநோயாளிகளின் குடும்பத்தினருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, நுண்சத்துகள் ஆகியன வழங்கப்பட்டன. அவ்வாறு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் காண்பது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. பல தடுப்பூசிகள் எட்டாத அளவு இது. நீரிழிவு நோய், நோய் கிளம்பும் வாய்ப்பை ஏறக்குறைய மூன்று மடங்காக்குகிறது. கல்லுடைக்கும் தொழிலாளர்களின் நுரையீரலில் படியும் சிலிக்காத் தூசி பெருவிழுங்கிகளைச் சிதைப்பதால், அவர்களிடமும் காசநோய் மிகுதி.

உறவினக் கோலுயிரிகள்

நோயெதிர்ப்பின் இரு எல்லைகளையும் தெளிவாகக் காட்டுவது தொழுநோய். 1873ஆம் ஆண்டில் நார்வே மருத்துவர் ஆன்சன் கண்டறிந்த மைக்கோபாக்டீரியம் லெப்ரே இதன் காரணியாகும். உயிரணு வழி நோயெதிர்ப்பு வலுவாக உள்ளவரிடம் உணர்ச்சியற்ற ஓரிரு தேமல்கள் மட்டுமே தோன்றும். கோலுயிரிகளைக் காண்பதே அரிது. அது வலுவற்றவரிடம் தோல் முழுவதும் தடித்து, கோலுயிரிகள் எண்ணிறந்து மண்டிக்கிடக்கும். பின்னவரின் குருதியில் பிறபொருளெதிரிகள் ஏராளமாக இருப்பினும் அவற்றால் பயனில்லை. ஒரே கிருமி, ஒரே ஊர், சில வேளை ஒரே வீடு. வேறுபாடு நோயாளியின் டி உயிரணுக்களில் உள்ளது. சிகிச்சையின்போது எதிர்ப்பாற்றல் திடீரென எழுந்து, கோலுயிரி தங்கியுள்ள நரம்புகளைத் தாக்கி, சில நாட்களிலேயே கை கால்களை முடக்கிவிடுவதுண்டு. இத்தகைய எதிர்வினையில் உடனே ஸ்டீராய்டு மருந்து தராவிட்டால் ஊனம் நிலைத்துவிடும்.

மாடுகளின் காசநோய்க் காரணியான மைக்கோபாக்டீரியம் போவிஸ், காய்ச்சாத பால் வழியே மனிதருக்குத் தொற்றி, கழுத்து நிணநீர்க்கணுக்களை வீங்கச் செய்யும். பழைய தமிழ் வழக்கில் கண்டமாலை என்றழைக்கப்பட்ட கழுத்துக் கட்டிகளில் ஒரு பகுதி காசநோய்க் கட்டிகளே. ஆப்பிரிக்காவில் மிகுதியாகக் காணப்படும் புரூலி புண்ணை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் அல்சரன்ஸ் வேறொரு வழியைக் கையாள்கிறது. மைக்கோலாக்டோன் என்னும் நச்சைச் சுரந்து, அருகிலுள்ள நோயெதிர்ப்பு உயிரணுக்களைச் செயலிழக்கச் செய்கிறது; புண் பெரிதானாலும் வலிப்பதில்லை. மண்ணிலும் நீரிலும் வாழும் மைக்கோபாக்டீரியம் ஏவியம் நலமுடையோரைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. சிடி4 எண்ணிக்கை மிகவும் வீழ்ந்த எச்.ஐ.வி. நோயாளிகளில் உடலெங்கும் பரவுகிறது.

நினைவை அளக்கும் சோதனைகள்

கோக்கின் தோல்வியுற்ற மருந்து சோதனைக் கருவியாக உயிர்பெற்றது. ஆஸ்திரியாவின் கிளெமன்ஸ் ஃபான் பிர்கே 1907இலும், பிரான்சின் சார்லஸ் மாண்டோ 1908இலும் டியூபர்குலினைத் தோலில் செலுத்திப் பார்க்கும் முறைகளை வகுத்தனர். மாண்டோ சோதனையில், 48 முதல் 72 மணி நேரம் கழித்து அவ்விடத்தின் தடிப்பு மில்லிமீட்டரில் அளக்கப்படுகிறது. அளக்க வேண்டியது சிவப்பை அன்று, தடிப்பையே. அது டி உயிரணுக்களும் பெருவிழுங்கிகளும் வந்து குவிந்ததன் அடையாளம்.

பி.சி.ஜி. தடுப்பூசி பெற்றோருக்கும் இச்சோதனை நேர்மறையாகலாம். குருதியை எடுத்து ஈசாட்-6 முதலிய புரதங்களுடன் கலந்து, வெளிப்படும் இன்டர்ஃபெரான்-காமாவை அளக்கும் சோதனைகளில் இக்குழப்பம் இல்லை, பி.சி.ஜி. கோலுயிரியில் அப்புரதங்களுக்கான மரபணுக்கள் இல்லாமையே காரணம். எனினும் இரு வகைச் சோதனைகளும் அளப்பது உடலின் நினைவை மட்டுமே. உயிருள்ள கோலுயிரி இன்னும் உள்ளதா, நோய் எப்போது கிளம்பும் என்பவற்றை அவை சொல்வதில்லை.

பி.சி.ஜி. தடுப்பூசி

பிரான்சின் லில் நகரில் ஆல்பெர்ட் கால்மெட்டும் கமீல் கெரானும் மாட்டுக் காசநோய்க் கோலுயிரியைப் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கு ஊடகத்தில் 1908 முதல் 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, வீரியம் குன்றச் செய்தனர். 1921இல் அது முதன்முதலாக ஒரு குழந்தைக்கு வழங்கப்பட்டது. வீரியம் குன்றியது ஏன் என்பது பின்னரே தெரிந்தது: ஈஎஸ்எக்ஸ்-1 அமைப்புக்கான மரபணுக்களில் ஒரு பகுதியை அக்கோலுயிரி இழந்திருந்தது.

1930இல் செருமனியின் லூபெக் நகரில், வீரியமுள்ள காசநோய்க் கோலுயிரி கலந்துவிட்ட தடுப்பு மருந்து 250க்கு மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளுக்கு வாய்வழி கொடுக்கப்பட்டது. எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. தவறு தடுப்பூசியினுடையதன்று, ஆய்வகத்தினுடையது என விசாரணையில் தெரியவந்தது. இத்துயரநிகழ்வில் நோயெதிர்ப்பியலாளர்கள் கவனிப்பது மற்றொன்றையும்: கொடிய கோலுயிரியையே உட்கொண்டும் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொண்டன.

பி.சி.ஜி. குழந்தைகளை மூளையுறைக் காசநோயிலிருந்தும் உடலெங்கும் பரவும் காசநோயிலிருந்தும் நன்கு காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயில் அதன் பயன் இடத்துக்கு இடம் மாறுகிறது. பிரித்தானியாவில் 1950இல் தொடங்கிய ஆய்வில் வளரிளம் பருவத்தினரிடம் முக்கால் பங்குக்கும் மேலான பாதுகாப்பு காணப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்கும் பகுதியில், ஏறத்தாழ 2,60,000 பேரிடம் தொடங்கிய ஆய்வு, அவ்வகையில் உலகின் மிகப் பெரியது. 1979இல் வெளியான முதல் முடிவுகளும், 1999இல் வெளியான 15 ஆண்டு முடிவுகளும் பெரியவர்களிடம் பாதுகாப்பு ஏதுமில்லை எனக் காட்டின. குழந்தைகளிடம் சிறிதளவே காணப்பட்டது. ஏமாற்றம் தந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டதாலேயே இவ்வாய்வு இன்றளவும் மேற்கோள் காட்டப்படுகிறது.

இவ்வேறுபாட்டுக்குக் கூறப்படும் விளக்கங்களுள் வலுவானது, சுற்றுச்சூழலில் உள்ள மைக்கோபாக்டீரியாக்கள் பற்றியது. வெப்பநாடுகளின் மண்ணிலும் நீரிலும் இவை மிகுதி. செங்கல்பட்டுப் பகுதியில் பெரியவர்களுள் பெரும்பாலோர் இவற்றுக்கு முன்னரே துலங்கல் காட்டினர். இவ்வாறு பழகிய உடல், பி.சி.ஜி. கோலுயிரியைப் பெருக விடாமல் விரைவில் அகற்றிவிடுகிறது, அல்லது ஏற்கெனவே ஓரளவு பாதுகாப்புப் பெற்றிருப்பதால் தடுப்பூசி புதிதாக எதையும் சேர்ப்பதில்லை என இருவகையாகவும் வாதிடப்படுகிறது.

பி.சி.ஜி. பெற்றோரின் ஒற்றைக்கரு வெள்ளையணுக்கள் காசநோயுடன் தொடர்பற்ற கிருமிகளுக்கும் வலுவாகத் துலங்குவதும் 2012இல் கண்டறியப்பட்டது. இது பயிற்றப்பட்ட நோயெதிர்ப்பு எனப்படுகிறது. இதனின்றும் வேறான ஒரு பயன்பாடாக, சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் பி.சி.ஜி.யைச் செலுத்தி உள்ளூர் அழற்சியைத் தூண்டும் சிகிச்சை 1976 முதல் அறியப்பட்டுள்ளது.

புதிய தடுப்பூசிகள்

பி.சி.ஜி.க்குத் துணையாக உருவாக்கப்பட்ட எம்விஏ85ஏ என்னும் தடுப்பூசி, இன்டர்ஃபெரான்-காமா சுரக்கும் டி உயிரணுக்களைத் தூண்டியும், தென்னாப்பிரிக்கக் குழந்தைகளைக் காக்கவில்லை என 2013இல் தெரிந்தது. இன்டர்ஃபெரான்-காமா தேவையானது, ஆனால் போதுமானதன்று என்னும் முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர். 2020இல் வெளியான குரங்கு ஆய்வொன்றில், பி.சி.ஜி.யைத் தோலில் அல்லாமல் சிரை வழியே செலுத்தியபோது 10 குரங்குகளுள் 9 காக்கப்பட்டன. டி உயிரணுக்கள் நுரையீரலிலேயே பெருமளவில் குடியேறியிருந்தன. இம்முறையை மனிதரில் கையாள்வது எளிதன்று.

எம்72 எனப்படும் புரதத் தடுப்பூசி, முன்னரே தொற்றுப் பெற்ற பெரியவர்களில் நோய் கிளம்புவதை ஏறத்தாழ பாதியாகக் குறைத்ததாகக் கென்யா, சாம்பியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வின் இறுதி முடிவு 2019இல் காட்டியது. இதன் மூன்றாம் கட்ட ஆய்வு 2024இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. ஒருவர் பாதுகாப்புப் பெற்றுவிட்டார் என்பதைக் குருதியில் அளந்து கூறத்தக்க நிறுவப்பட்ட அளவீடு காசநோய்க்கு இல்லாததால், இத்தகைய ஒவ்வொரு தடுப்பூசியையும் ஆயிரக்கணக்கானோரிடம் செலுத்தி, அவர்களுள் யாருக்கு நோய் காண்கிறது என ஆண்டுக்கணக்கில் காத்திருந்தே அறிய வேண்டியுள்ளது.